மல்ரிபிள் ஸ்கிளெரோசிஸ் நோயாளரும் உடலியக்க ஆய்வுகளும்: ஒரு விமர்சனக் குறிப்பு

மூளையினதும் முண்ணாணினதும் நரம்புநார்களைப் போர்த்துள்ள மயலின் உறை சிதைவதே மல்ரிபிள் ஸ்கிளெரோசிஸ். இந்நோயாளருக்கு ஓய்வே உகந்ததென வைத்தியர் நெடுங்காலம் கூறிவந்தனர். 1890இல் ஜெர்மானியக் கண் வைத்தியர் ஊட்ஹொவ், உடலை வருத்தியபின் இவர்களது பார்வை மங்குவதைப் பதிவுசெய்தார். அவதானிப்புச் சரியானதே. ஆயின் அம்மங்கல் உடல் வெப்பமேறுவதால் நேர்வது, வெப்பந்தணிய நீங்குவது. தற்காலிகமானதை நிரந்தரக் கேடெனக் கொண்டமையால் நோயாளர் பல்லாண்டுகள் அசைவினின்றும் விலக்கப்பட்டனர்.

1996இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் பெட்டாஜனும் சகாக்களும் 54 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 15 வாரப் பயிற்சியளித்தனர். இயலாமை மிகாமலே உடல்வலு கூடிற்று. இதன் முக்கியத்துவத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், இதன் வழிவந்த ஆய்வுகள் யாரை ஆராய்ந்தன? 1983இல் கேர்ட்ஸ்கி வெளியிட்ட அளவுகோலில் 6 என்பது ஊன்றுகோலுடன் ஏறத்தாழ 100 மீற்றர் நடக்கும் நிலை. 7 சக்கரநாற்காலி நிலை. ஆய்வுகளிற் பங்குபற்றியோர் பெரும்பாலும் முதலாவது நிலையினர், அன்றேல் அதனினும் இயலாமை குறைந்தோர். அசைவின்மையால் மிகவும் நலிவோரே ஆதாரத்துக்குப் புறத்தே நிற்கின்றனர். 2020இல் அமெரிக்கத் தேசியச் சங்கம் வாரத்துக்கு 150 நிமிட இயக்கத்தை விதந்துரைத்தபோது, கடும் இயலாமையுடையோர் பற்றிய பகுதி பெரிதும் நிபுணர் கருத்தையே சார்ந்திருந்தமை தற்செயலன்று.

அளவீட்டிலும் இதே பாரபட்சமே. இடுப்பில் அணியும் அசைவுமானி நடையை எண்ணும். சக்கரநாற்காலியைக் கைகளால் உந்துபவரது உழைப்பை, இருந்தவாறே துணி துவைப்பவரது உழைப்பை அது சரிவரப் பதிவதில்லை. உழைத்துக் களைத்தவரே அட்டவணையிற் செயலற்றவராகின்றார். கையசைவை அளக்கும் கருவிகள் உள்ளன. அவற்றைக்கொண்டு இவர்களிடையே நீண்டகால ஆய்வு நடத்தத் தடையாயிருப்பது தொழில்நுட்பமன்று.