அனுப்பப்பட்டவர்களும் அனுப்பியவர்களும்

1733 டிசம்பர் 28. தரங்கம்பாடியில் கடலூர்க்காரர் ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். பெற்றோர் வைத்த பெயர் ஆறுமுகம். 1718-இல் ஞானஸ்நானம் பெற்றபின் ஆரோன். இந்தியப் புராட்டஸ்டண்டு சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். 1745-இல் இறக்கும்வரை மாயவரம் பக்கத்து ஊர்களில் ஊழியம் செய்தார். மிஷன் வரலாறுகள் இந்த நாளை விரிவாகக் கொண்டாடுகின்றன. அன்று பட்டம் கிடைக்காமல் போன இன்னொருவரைப் பற்றி மட்டும் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்கின்றன.

அவர் பெயர் ராஜநாயக்கன். தஞ்சை அரசரின் படையில் வேலை பார்த்தவர். கத்தோலிக்கப் பறையர் குடும்பம். தரங்கம்பாடி அச்சகத்தில் 1714-இல் மிஷனெரி சீகன்பால்க் அச்சிட்ட சுவிசேஷங்கள் அவர் கைக்கு எட்டின. வாசித்தார், தாமாகவே மிஷனைத் தேடிப் போனார். எந்த மிஷனெரியும் அவரைத் தேடி வந்து அழைக்கவில்லை. நல்ல உபதேசியார் என்று பெயரெடுத்தார். ஆனால் குருப்பட்டத்துக்கு ஆள் தேடிய நேரத்தில் மிஷனெரிமார் வேறு கணக்குப் போட்டார்கள். பறையர் ஒருவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் முன்வருவார்களா? ஆரோன் வேளாளர். பட்டம் அவருக்குப் போயிற்று. ராஜநாயக்கன் 1771-இல் சாகும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

அழைப்பு யாருக்கும் வரலாம் என்றுதான் எல்லா மிஷன்களும் பிரசங்கித்தன. அனுப்பும் அதிகாரம் மட்டும் சிலர் கையில் இருந்தது. அது எப்படிக் கைமாறியது என்பதைப் பார்த்தால்தான் தமிழ்நாட்டு மிஷன் வரலாறு பிடிபடும்.

சுவிசேஷங்களில் ஏற்பாடு எளிது. இயேசு பன்னிருவரை இரண்டிரண்டு பேராக அனுப்புகிறார். பை வேண்டாம், அப்பம் வேண்டாம், கச்சையில் காசு வேண்டாம். கைத்தடிக்கு மாற்கு அனுமதி தருகிறார், மத்தேயு அதையும் மறுக்கிறார். இந்த ஒரு தடியை வைத்து உரையாசிரியர்கள் நிறையவே மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அதைவிட முக்கியம் சோற்றுக் கணக்கு: ஏற்றுக்கொள்ளும் வீடுதான் வருகிறவருக்குச் சாப்பாடு போட வேண்டும். ஐரோப்பிய மிஷன்கள் இதைத் தலைகீழாக்கின. 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த சீகன்பால்கையும் புளூட்சோவையும் அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக். அந்த அரசரின் கோட்டையிலேயே, அவருடைய ஆளுநர் ஹாசியஸ், 1708-இல் சீகன்பால்கைப் பிடித்து நான்கு மாதம் அடைத்துவைத்தார். மேலிடத்து ஆணையோடு வருகிறவருக்கும் உள்ளூரில் இப்படித்தான் நடந்தது.

நெடுங்காலம் இந்த வரலாறு கப்பல் ஏறி வந்தவர்களின் வாழ்க்கை வரலாறாகவே எழுதப்பட்டது. 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் அச்சான மிஷன் அறிக்கைகள் ஐரோப்பிய வாசகருக்காக, அதிலும் காணிக்கை தருகிற வாசகருக்காக எழுதப்பட்டவை. உள்ளூர் உபதேசியார்கள் அவற்றில் வந்தாலும் மிஷனெரியின் பேனா வழியாகத்தான் வருகிறார்கள். அதே அறிக்கைகளை மாற்றி வாசிக்கலாம் என்று காட்டியது, 2000-இல் டென்னிஸ் ஹட்சன் வெளியிட்ட தமிழ்ப் புராட்டஸ்டண்டுகள் பற்றிய நூல். கால்டுவெல் 1881-இல் திருநெல்வேலி மிஷனின் தொடக்க காலத்தைத் தொகுத்திருக்காவிட்டால் தென்கோடிச் செய்திகளில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது. அந்தத் தொகுப்பில் நின்று பார்க்க வேண்டிய பெயர் கிளாரிந்தா.

மராத்தியப் பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தார் என்பதற்காக அவருக்கு ஞானஸ்நானம் தர மறுத்த மிஷனெரி ஸ்வார்ட்ஸ், அந்த அதிகாரி இறந்தபின் 1778-இல் கொடுத்தார். 1780-ஆம் ஆண்டுப் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். முதல் பெயர் கிளாரிந்தா. கோயில் கட்டியவர் அவர். தஞ்சாவூரிலிருந்து ஊழியரை அனுப்பச் சொல்லி விடாமல் கேட்டவரும் அவர். அப்படி வந்த சத்தியநாதன் 1790-இல் குருப்பட்டம் பெற்றார். திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தை ஸ்வார்ட்ஸ் கணக்கில் எழுதுவது வழக்கம். அந்த வழக்கத்தை மாற்ற வேண்டும். அனுப்பியவர் ஸ்வார்ட்ஸ் என்றாலும், அனுப்ப வைத்தவர் இந்தப் பெண்.

பணம், ஆள், நிர்வாகம் மூன்றும் தமிழர் கைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். தூண்டுதல் லண்டனிலிருந்து வரவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவானவரின் மகனாகப் பிறந்த வே. ச. அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் போனார். யாழ்ப்பாண மாணவர்கள் தாங்களே காசு சேர்த்துக் கடல் தாண்டித் தொண்டிப் பக்கம் ஊழியரை அனுப்பியிருந்தார்கள். நம் ஊருக்கே அவர்கள் ஆள் அனுப்புகிறார்கள், நாம் யாருக்கு அனுப்பினோம் என்ற கேள்வி அவரைக் குடைந்தது. 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஊழியக் களம் நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல். தெலுங்கு தெரியாத தமிழர்கள் அங்கே முழு அந்நியர்களாகப் போய் இறங்கினார்கள். 1909-இல் அசரியாவும் குருப்பட்டம் பெற்று அங்கேயே போனார்.

அடுத்த ஆண்டு எடின்பரோ உலக மிஷனெரி மாநாடு. சுமார் 1,200 பிரதிநிதிகளில் ஆசியர்கள் இருபதைத் தொடவில்லை. அங்கே அசரியா மிஷனெரிகளின் தியாகத்துக்கு நன்றி சொன்னார். ஆனால் இந்திய ஊழியரை நண்பராக நடத்த அவர்களுக்கு இன்னும் வரவில்லை என்றும் முகத்துக்கு நேரே சொன்னார். அரங்கில் பலருக்குக் கசந்தது. 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் அவர் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானபோது எதிர்ப்பு வெள்ளையரிடமிருந்து மட்டும் வரவில்லை. நாடார் ஒருவர் பேராயராவதா என்ற முணுமுணுப்பு தமிழ்க் கிறிஸ்தவர்களிடமும் இருந்தது.

தோர்ணக்கல்லில் சபைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தெலுங்குத் தலித் சாதியினரான மாலாக்களும் மாதிகாக்களும். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர் தன் கையைத் தன் தலைமேலேயே வைத்து, சுவிசேஷம் அறிவிக்காவிட்டால் எனக்குக் கேடு என்ற பவுலின் கருத்தைச் சொல்ல வேண்டும் என்பது அசரியா கொண்டுவந்த முறை. வெளியிலிருந்து ஒருவர் வந்து கைவைத்து அனுப்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தரங்கம்பாடியில் ராஜநாயக்கனுக்கு மறுத்த குருப்பட்டம் தோர்ணக்கல்லில் மாலா, மாதிகா வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. சூசன் பில்லிங்டன் ஹார்ப்பர் எழுதிய அசரியா வரலாறு இந்த மாற்றத்தை விரிவாகச் சொல்கிறது.

இந்தச் செலவெல்லாம் எங்கிருந்து வந்தது என்ற பக்கம்தான் ஆய்வில் இன்னும் மெலிவாக இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு வாழைத்தார், நாலு தேங்காய், கூவுகிற ஒரு சேவல். ஏலம் எடுத்தவரே காசைக் கட்டிவிட்டுச் சேவலைத் திரும்பக் காணிக்கையாக வைப்பார். மறுபடியும் ஏலம் போகும். பெண்கள் உலை வைக்கும்போது ஒதுக்கிய பிடி அரிசியும் இதோடு சேர்ந்தது. இந்தக் காசில் ஊழியரை அனுப்பிய பெண்களுக்கு அறிக்கைகளில் பெயரே இல்லை.

போய் இறங்கிய இடத்து மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதும் அரிதாகவே பதிவாகிறது. தமிழ்நாட்டு ஜெபக்குழுக்கள் வட இந்தியப் பழங்குடிகளிடம் அனுப்பிய ஊழியர்களின் கடிதங்கள் மாத இதழ்களில் குவிந்து கிடக்கின்றன. ஹாலே அறிக்கைகளைச் சலித்து வாசித்ததுபோல இவற்றையும் வாசிக்க வேண்டும். அனுப்பியவரை மகிழ்விக்க எழுதியவை எவை என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு முன்னால், சேகர அலுவலகங்களின் அலமாரிகளில் செல்லரிக்கும் சபைக் கணக்கு நோட்டுகளையும் காணிக்கைப் பட்டியல்களையும் குருவானவர்கள் பழைய பேப்பர்க்காரரிடம் போடாமல் ஆய்வாளர்கள் கையில் கொடுக்க வேண்டும்.