கஸ்ஸாலியின் கடைத்தெருவும் நமது வாசிப்பும்

ஸரீ அஸ்ஸகதீ (ரஹ்) அவர்களின் வாதுமைக் கதையை அறியாதவர் நம்மில் குறைவு. 60 தீனாருக்கு வாதுமை வாங்கி, 3 தீனார் இலாபம் என்று கணக்கேட்டில் முன்கூட்டியே குறித்து வைத்தார்கள். விலை 90 ஆக உயர்ந்தது. வந்த தரகர் 90க்குக் கேட்டார். ஸரீ அவர்களோ, 63க்கு மேல் விற்பதில்லை என்று இறைவனிடம் உறுதி செய்திருப்பதாகக் கூறிவிட்டார்கள். ஒரு முஸ்லிமுக்கு நட்டம் விளைவிப்பதில்லை என்று தாமும் உறுதி செய்திருப்பதாகத் தரகர் சொன்னார். அவர் வாங்கவில்லை, இவர்கள் விற்கவுமில்லை.

ஹலாலான சம்பாத்தியம் பற்றிய பயான்களிலும் கட்டுரைகளிலும் இக்கதை தவறாமல் இடம்பெறுகிறது. அதற்கு முன்னோ பின்னோ வட்டி, மது, சூது என்று விலக்கப்பட்ட தொழில்களின் பட்டியல் ஒன்று வரும். பட்டியலும் கதையும் முடிந்தால் பொருளீட்டலின் ஒழுக்கம் முழுவதையும் சொல்லியாயிற்று என்ற நிறைவு நமக்கு ஏற்பட்டுவிடுகிறது. இந்த நிறைவு நியாயமானதுதானா என்று பார்க்க வேண்டுமானால், கதை எந்த நூலிலிருந்து நமக்கு வந்து சேர்ந்ததோ அந்த நூலுக்கே திரும்பிச் செல்ல வேண்டும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா உலூமித்தீன்’ 40 நூல்களின் தொகுப்பு. அவற்றுள் 13ஆவது, சம்பாத்தியத்தின் ஒழுங்குமுறைகளைப் பற்றியது. ஐந்து பாடங்கள் கொண்ட அந்நூலில் பொருளீட்டலின் சிறப்பு முதலில் வருகிறது. அடுத்து விற்பனை, வட்டி, முன்பண வணிகம், வாடகை, கூட்டுத் தொழில் ஆகியவற்றின் சட்டங்கள். மூன்றாவது பாடம் நீதி. நான்காவது இஹ்ஸான், அதாவது நீதிக்கு மேலாகச் செய்யும் நன்மை. ஐந்தாவது வணிகர் தமது மார்க்கத்தைக் காத்துக்கொள்ளும் வழி. வாதுமைக் கதை நான்காவது பாடத்தில் இருக்கிறது. இமாமவர்கள் அதற்கு ஒரு சிறு விளக்கமும் தருகிறார்கள்: இரு தரப்பாரும் உண்மை நிலவரத்தை அறிந்தே நடந்துகொண்டதால் இது கலப்பற்ற இஹ்ஸான் என்பது அவ்விளக்கம். நமது பயான்களில் விடுபட்டுப்போவது இந்த ஒரு வாக்கியமே. சந்தை விலை 90 என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். அறியாமையால் எவரும் ஏமாறாத இடத்தில் நிகழ்ந்த பெருந்தன்மை அது.

அதே பாடத்தில் முஹம்மத் இப்னுல் முன்கதிர் (ரஹ்) அவர்களைப் பற்றிய செய்தியும் உண்டு. அவர்களது கடையில் 5க்கு விற்கும் துணியும் 10க்கு விற்கும் துணியும் இருந்தன. அவர்கள் இல்லாத நேரத்தில் கடைப் பையன் 5க்குரிய துணியை ஒரு நாட்டுப்புற அரபிக்கு 10க்கு விற்றுவிட்டான். செய்தி அறிந்ததும் அந்த மனிதரை நாள் முழுவதும் தேடிக் கண்டுபிடித்தார்கள். தமக்கு அந்த விலை சம்மதமே என்றார் அவர். நீர் சம்மதித்தாலும், எமக்கு எதை விரும்புகிறோமோ அதையே உமக்கும் விரும்புவோம் என்ற கருத்தில் பதிலளித்து, மூன்று வழிகளை முன்வைத்தார்கள்: கொடுத்த பணத்துக்கு 10க்குரிய துணியைப் பெற்றுக்கொள்ளலாம், அல்லது 5ஐத் திரும்பப் பெறலாம், அல்லது துணியைத் தந்துவிட்டுப் பணம் முழுவதையும் வாங்கிக்கொள்ளலாம். அவர் 5ஐப் பெற்றுக்கொண்டார்.

இங்கே நிலைமை வேறு. வாங்கியவருக்கு விலை தெரியாது. அப்படியானால் இச்செய்தி இஹ்ஸான் பாடத்துக்கு உரியதா, நீதிப் பாடத்துக்கு உரியதா? மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் விலை பெறப்பட்டிருந்தால், விற்பனையை முறிக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று சில அறிஞர்கள் கருதியதை இமாமவர்களே குறிப்பிடுகிறார்கள். குறிப்பிட்டுவிட்டு, நாம் அவ்வாறு கருதுவதில்லை, ஆனால் அந்தக் கூடுதலைக் குறைத்துக்கொள்வது இஹ்ஸான் என்று முடிக்கிறார்கள். ஷாஃபிஈ சட்டவல்லுநராக அவர்கள் மூடிய கதவை ஒழுக்க நூலாசிரியராக அவர்களே சற்றுத் திறந்து வைக்கிறார்கள். இம்முடிவில் எனக்கு நிறைவில்லை. கடைக்காரர் இப்னுல் முன்கதிராக இருந்தால் நாட்டுப்புறத்தாருக்கு 5 திரும்பக் கிடைக்கும், இல்லாவிட்டால்? அவருக்கு அக்கடைக்காரரின் இறையச்சத்தை விட்டால் வேறு பாதுகாப்பு இல்லை. கதைகளை மட்டும் எடுத்துச் சொல்லும் நமது வழக்கம் இந்தக் கேள்வியை எழவே விடுவதில்லை.

மூன்றாவது பாடத்தில் இதைவிடக் கூர்மையான ஓரிடம் உண்டு. பொதுமக்கள் அனைவரையும் பாதிக்கும் அநீதிகளாக இமாமவர்கள் இரண்டைக் கூறுகிறார்கள்: ஒன்று பதுக்கல், மற்றொன்று கள்ள நாணயத்தைப் புழக்கத்தில் விடுதல். (திருட்டு ஒருமுறை நிகழ்ந்து முடிந்துவிடும், கள்ள நாணயமோ அதை விட்டவர் இறந்த பின்னும் கைமாறிக்கொண்டே இருக்கும் என்ற அவர்களது ஆய்வு, பொருளியல் மாணவர் எவரும் படிக்க வேண்டியது.) பதுக்கல் எப்பொருளில் விலக்கப்பட்டது என்று வரையறுக்கும்போது உணவுப் பொருளே முதன்மை என்கிறார்கள். மருந்துகள், மூலிகைச் சரக்குகள், குங்குமப்பூ போன்றவை உட்கொள்ளப்படுபவையே ஆயினும் தடை அவற்றைச் சென்றடையாது என்பது அவர்களது தீர்ப்பு.

இந்த வரியை 2021க்குப் பிறகு வாசிக்கும் எவரும் ஒரு கணம் நின்றுவிடுவார். அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாம் அலையின்போது ரெம்டெசிவிர் மருந்துக்காகச் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் மக்கள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தனர். மறுபுறம் அதே மருந்து கள்ளச் சந்தையில் பன்மடங்கு விலைக்குப் போயிற்று. அந்த மருந்தின் பயன் எவ்வளவு என்பது மருத்துவர்களிடையே விவாதத்துக்குரியதாக இருந்தது. ஆனால் நோயாளியின் படுக்கையருகே நின்ற மகனுக்கு அந்த விவாதம் தெரியாது. மருந்தைப் பதுக்கிய வணிகர் ஒருவர் இஹ்யாவின் இவ்வரியைத் தமக்குச் சான்றாகக் காட்டினால் என்ன சொல்வோம்?

பதில் அதே பத்தியில் இருக்கிறது. பஞ்ச காலமாயின் தேன், நெய், எள்ளெண்ணெய் போன்றவற்றைச் சேர்த்து வைப்பதும் தீங்கே என்று இமாமவர்கள் கூறுகிறார்கள். தடை உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோல் மக்களுக்கு நேரும் தீங்குதான் என்றும், உணவு குறிப்பிடப்பட்டதிலிருந்து அதுவே ஐயமின்றி விளங்குகிறது என்றும் எழுதுகிறார்கள். ஆக, காரணத்தை அவர்களே நம் கையில் தந்துவிட்டார்கள். அக்காரணத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால், மருந்துக்கு அவர்கள் அளித்த விலக்கு நெருக்கடிக் காலத்தில் நிற்காது. ஹிஜ்ரி 505இல் மறைந்த ஒருவரின் காலத்து மருந்துச் சரக்கு வேறு, இன்றைய உயிர்காக்கும் மருந்து வேறு. அவர்கள் எழுதிய பட்டியல் அவர்கள் கண்ட கடைத்தெருவுக்கு உரியது. காரணம் அப்படி ஒரு கடைத்தெருவுக்குள் அடங்குவதன்று.

இதை நெருக்கடி நேரத்துப் புது விளக்கம் என்று எவரும் ஒதுக்க இயலாது. கஸ்ஸாலி அவர்களுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஹிஜ்ரி 182இல் மறைந்த இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள், எதைத் தடுத்து வைப்பது பொதுமக்களுக்குத் தீங்காகுமோ அது தங்கமாயினும் வெள்ளியாயினும் துணியாயினும் பதுக்கலே என்று கருத்துரைத்தார்கள். அவர்களது ஆசிரியரான இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து உணவோடு நின்றது. நமது ஹனஃபி மதரஸாக்களில் ஓதப்படும் ‘ஹிதாயா’வில் இவ்விரு கருத்துகளும் அருகருகே உள்ளன. அபூயூசுஃப் அவர்கள் ஹாரூன் அர்ரஷீதின் தலைமை நீதிபதி. வழக்குகளைக் கண்முன் கண்டவரின் வரையறை விரிந்திருப்பதில் வியப்பில்லை. கடலோரத்து ஷாஃபிஈ ஊர்களும் உள்நாட்டு ஹனஃபி ஊர்களும் அருகருகே வாழும் தமிழகத்தில், இவ்விரு மரபுகளையும் ஒன்றோடொன்று உரையாடவிடும் வாய்ப்பு நமக்கு உண்டு. அதை நாம் பயன்படுத்திக்கொண்டதாகத் தெரியவில்லை.

பதுக்கல் பகுதியிலேயே வாஸித் நகர வணிகர் ஒருவரின் செய்தியும் இருக்கிறது. பஸ்ராவுக்கு ஒரு கப்பல் கோதுமை அனுப்பிய அவர், சேர்ந்த நாளிலேயே விற்றுவிடும்படி முகவருக்கு எழுதினார். ஒரு வாரம் பொறுத்தால் பன்மடங்கு இலாபம் என்று உள்ளூர் வணிகர்கள் கூற, முகவர் காத்திருந்து விற்றார். உரிமையாளரின் மறுமடல் கடுமையாக வந்தது. பணம் முழுவதையும் பஸ்ராவின் ஏழைகளுக்குத் தர்மமாகக் கொடுத்துவிடும்படியும், அப்போதாவது இலாபமும் பாவமும் இன்றித் தாம் தப்பினால் போதும் என்றும் அவர் எழுதியிருந்தார்.

இக்கதையை நான் கேட்ட இடங்களிலெல்லாம் அது அவரது பேணுதலுக்குச் சான்றாகவே சொல்லப்பட்டது. ஏழைகள் எந்த ஊரார் என்பதைச் சொன்னவர் எவருமில்லை. கஸ்ஸாலி அவர்கள் ஊரின் பெயரை விடவில்லை. அந்த ஒரு வாரம் கூடுதல் விலை கொடுத்துக் கோதுமை வாங்கியவர்கள் யார் யார் என்று தேடிப் பிடிப்பது இயலாத காரியம். எனவே பணம் எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊருக்கே போகட்டும் என்று தீர்மானித்திருக்கிறார் அவர். வாஸித்திலும் ஏழைகள் இருந்திருப்பார்கள்.