பிள்ளையை எந்த அலமாரியில் வைப்பது?

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புத்தகக் கடைகளில் ‘வரலாறு’ என்ற பலகைக்குக் கீழே அடுக்கிவைக்கிறார்கள். பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டும் நாவல் வரிசையில் இருக்கும். வீரமாமுனிவர் இலக்கணப் பகுதியில், பெரும்பாலும் தூசியோடு. மூன்றும் ஒரே நூற்றாண்டைச் சேர்ந்த விஷயங்கள் என்பது அந்தப் பலகைகளைப் பார்த்தால் தெரியாது.

வாசிக்கத் தொடங்கும் நண்பர்கள் கேட்பதும் இந்தப் பலகைகளை ஒட்டித்தான். “வரலாற்றில் ஒண்ணு, மொழியைப் பத்தி ஒண்ணு, இலக்கியத்தில் ஒண்ணு சொல்லுங்க.” கல்யாணப் பந்தி இலை மாதிரி எல்லாவற்றிலும் கொஞ்சம். இலை நிறையும், சந்தேகமில்லை. ஆனால் பலவகைப் புத்தகங்களைப் படிப்பது வேறு, ஒன்றையொன்று குறுக்கு விசாரணை செய்யும் புத்தகங்களைச் சேர்த்துப் படிப்பது வேறு. இரண்டாவதற்குப் புதுச்சேரியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

பிள்ளை 1709இல் பிறந்தவர். பிரெஞ்சுக் கும்பினியின் துபாஷ், அதாவது இரு மொழி அறிந்த இடையாள். துய்ப்ளெக்ஸ் கவர்னராக இருந்த காலத்தில் அவருடைய வலது கை. 1736இலிருந்து 1761 ஜனவரியில் இறக்கும்வரை, இடையிடையே விட்டுப்போனாலும், கால் நூற்றாண்டு எழுதியிருக்கிறார். அவர் இறந்த அதே மாதம்தான் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது. கப்பல் வந்தது, சரக்கு என்ன விலைக்குப் போனது, யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, யார் வீட்டுக் கல்யாணம், யார் யாரைப் பற்றித் துரையிடம் கோள் சொன்னது எல்லாம் அதில் உண்டு. அவருடைய மாளிகை இன்னும் பெரிய மார்க்கெட் பக்கத்தில் நிற்கிறது. ரங்கப்பிள்ளை வீதியில் மீன் வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியும்?

இந்த நாட்குறிப்பு 1846இல் கலுவா-மோன்பிரன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டது. எதுவார் அரியேல் எடுத்த படி பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. பாரிசில் தமிழ் கற்பித்த ஜூலியன் வின்சோன் 1894இல் சில பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். சென்னை அரசாங்கம் 1904இலிருந்து 1928வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. தமிழில்? 1948இல்தான் அச்சாகத் தொடங்கியது. மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்த 12 தொகுதிகள் வந்தது 2019இல். தமிழில் எழுதிய ஒன்றை ஆங்கிலத்தில் படித்து முடித்து இருபது வருஷம் கழித்துத்தான் தமிழ் அச்சுக்கே வழி பிறந்தது. அது செய்யுளும் இல்லை, செந்தமிழும் இல்லை. ஏட்டை மதித்த பண்டிதர்களுக்குக் கணக்குப்பிள்ளையின் குறிப்பேடு எதற்கு? இது என் ஊகம்தான், ஆனால் நியாயமான ஊகம் என்று நினைக்கிறேன்.

வேலையில் நான் நாள் முழுக்க லாக் ஃபைல் படிக்கிறவன். லாக் எதையும் மறைக்காததுபோலத் தெரியும். நிமிஷம், வினாடி எல்லாம் துல்லியமாக இருக்கும். ஆனால் எதைப் பதிவுசெய்வது என்று யாரோ முன்பே முடிவு செய்துவிட்டார்கள். பிள்ளையிடமும் அப்படித்தான். துரை தன்னைப் புகழ்ந்தால் பக்கம் பக்கமாக வரும். துய்ப்ளெக்ஸின் மனைவி மீதும், தனக்கு முன் துபாஷாக இருந்த கனகராய முதலியார் மீதும் உள்ள எரிச்சல் வரிக்கு வரி தெரியும். நேர்மையாகத்தான் எழுதுகிறார். அந்த நேர்மை அவர் உட்கார்ந்திருந்த திண்ணையிலிருந்து பார்த்த நேர்மை.

இரண்டு இடிப்புகளை எடுத்துக்கொள்வோம். 1748இல், அட்மிரல் போஸ்கவனின் படை புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. பிள்ளை இதை விரிவாக, மனம் கசந்து எழுதியிருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் வருவதும் போவதும், ஒருவரும் உறுதியாக நிற்காததும், துரையின் முகம் கோணுமோ என்ற பயமும் அதில் இருக்கிறது. அவர் பயமும் சேர்த்துத்தான். இந்தப் பகுதியைத் தனியாக வெட்டி வாட்ஸப்பில் சுற்றவிடுவது எளிது, சுற்றுகிறது. அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1745இல், அதே நாட்குறிப்பில் இன்னொரு இடிப்பு. மாதா கோயிலுக்குள்ளே சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. ஒடுக்கப்பட்டவர்கள் போய்க் கேட்க, பாதிரியார் அதை எடுக்கச் செய்தார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப்போனார்கள். இந்தப் பகுதி என் கைபேசிக்கு ஒரு தடவைகூட ஃபார்வேர்டாக வந்ததில்லை. முதல் பத்தியை மட்டும் பகிர்பவருக்கு இரண்டாவது வேண்டாம். இரண்டாவதை மட்டும் தேடுபவருக்கு முதலாவது சங்கடம். இரண்டும் ஒரே கையெழுத்து.

இதனால்தான் மேற்கோள்களின் வழியாக இந்த நூலுக்குள் போகாதீர்கள் என்கிறேன். வெட்டி எடுத்தால் பிள்ளை யாருக்கு வேண்டுமானாலும் சாட்சி சொல்லுவார்.

அடுத்து பிரபஞ்சன். புதுச்சேரிக்காரர், 1945–2018. ‘வானம் வசப்படும்’ நாவலுக்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது. அவர் செய்த பெரிய காரியம், நாட்குறிப்பில் ஒரு வரியாக வந்துபோகிற மனிதர்களுக்கு முகம் கொடுத்தது. தாசிகளும் சிப்பாய்களும் வேலைக்காரர்களும் அங்கே பசிக்கிறார்கள், பேசுகிறார்கள், கோபப்படுகிறார்கள். பிள்ளையின் திண்ணையிலிருந்து இறங்கித் தெருவுக்குப் போன முதல் பெரிய முயற்சி அது. ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பிரபஞ்சனின் பிள்ளை, நாட்குறிப்பின் பிள்ளையைவிட மென்மையானவர், விசாலமானவர். மூலத்தில் நான் பார்க்கிற கணக்கு, பொறாமை, சுயபுராணம் எல்லாம் நாவலில் கொஞ்சம் கழுவப்பட்டிருக்கிறது. தலைப்பையே பாருங்கள்: மானுடம் வெல்லும். நாட்குறிப்பில் அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. அதில் வெல்வது சில நாள் பிரெஞ்சுக்காரன், சில நாள் இங்கிலீஷ்காரன், பல நாள் வட்டி. பிரபஞ்சனின் நம்பிக்கை பிரபஞ்சனுடையது. அதை 18ஆம் நூற்றாண்டின் பெயரில் எழுதிவைக்க வேண்டியதில்லை. நாவலை முதலில் படித்தவர்கள் மூலத்துக்குப் போனால் பிள்ளையிடம் ஏமாந்துபோகிறார்கள். திருப்பிப் படித்தால், பிரபஞ்சன் எங்கே எதைச் சேர்த்தார் என்பதே ஒரு தனி வாசிப்பாகிவிடும்.

இரண்டிலும் சேராத ஒன்றும் இருக்கிறது. ஏழைகளை ஏமாற்றிப் பிடித்து, அடைத்துவைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிய கும்பல் அகப்பட்ட செய்தியை 1743இல் பிள்ளை எழுதுகிறார். பிறகு வழக்கமான விவகாரங்களுக்குத் திரும்பிவிடுகிறார். கப்பல் கண்ணுக்கு மறைந்ததும் அவருடைய லாக் முடிந்துவிடுகிறது. ஏறியவர்கள் என்ன ஆனார்கள்? பிரான்சில் வாழும் நாகரத்தினம் கிருஷ்ணா எழுதிய ‘நீலக்கடல்’ 2005இல் வந்தது. கப்பல் போய்ச் சேர்ந்த மொரீசியஸிலிருந்து புதுச்சேரியைத் திரும்பிப் பார்க்கிற நாவல். 1746இல் சென்னையைப் பிடித்த வெற்றிவீரராகப் புதுச்சேரி அறிந்த லபூர்தொனே, அந்தத் தீவின் கவர்னர். இங்கே போர்க்கதையின் நாயகன், அங்கே அடிமைகளின் உழைப்பில் துறைமுகம் கட்டுகிற எஜமான். நாவலாக அது அங்கங்கே தளர்கிறது என்பது என் எண்ணம். பிரபஞ்சனின் நடை அதில் இல்லை. ஆனால் பட்டியலில் ஒரே ஒரு இடம் மிச்சமிருந்தால் நான் அதைத்தான் வைப்பேன். மற்ற இரண்டும் கடற்கரையில் நின்றுவிடுகின்றன.

மொழிக்கு வருவோம். வீரமாமுனிவர் என்றதும் நமக்குத் தேம்பாவணியும் சதுரகராதியும்தான் நினைவுக்கு வரும். அவர் பேச்சுத் தமிழுக்கும் இலக்கணம் எழுதினார், லத்தீனில். கொடுந்தமிழ் இலக்கணம். 1728இல் முடித்தது, 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அச்சிட்டது யாரோடு அவர் மதச்சண்டை போட்டாரோ அந்த லுத்தரன் மிஷன்! (பகையாளிக்கே பயன்படும் அளவுக்கு நல்ல புத்தகம் என்பதைவிடப் பெரிய மதிப்புரை கிடைக்காது.) ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியார் தெருவில் பேசுவதற்காக எழுதிய நூல் அது. அதே பத்தாண்டில் தெருப் பேச்சுக்கு நெருக்கமான தமிழில் ஒரு துபாஷ் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறார். பாரசீகம், போர்த்துகீசியம், பிரெஞ்சு எல்லாம் கலந்து, முற்றுப்புள்ளி பற்றிக் கவலைப்படாமல், வினையெச்சத்துக்கு மேல் வினையெச்சமாக ஏறிப்போகிற வாக்கியங்கள். பண்டிதர்களுக்கு இது கொச்சை. எனக்கோ தமிழ் உரைநடை எப்படி நடந்து பழகியது என்பதற்கான சாட்சி. இதை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தால் தகவல் வரும், மூச்சு வராது. ‘ஆங்கிலத்தில் ஈஸியா இருக்கும்’ என்று அங்கே போகிற நண்பர்கள் இழப்பது இதைத்தான்.

ஆக, பிள்ளையை எந்த அலமாரியில் வைப்பது என்ற கேள்விக்கு என் பதில், அவர் பக்கத்தில் யாரை வைக்கிறீர்கள் என்று பார்க்கச் சொல்வதுதான். பன்னிரண்டு தொகுதியையும் வாங்க எல்லாருக்கும் வசதி இருக்காது, பொறுமையும் இருக்காது. ரோமன் ரோலன் நூலகம் மாதிரி ஒரு பொது நூலகத்தில் உட்கார்ந்து 1745 முதல் 1748 வரை மட்டும் எடுங்கள். சுவர், சென்னை முற்றுகை, கனகராய முதலியாரின் சாவு, கோயில் எல்லாம் அதற்குள் வந்துவிடும். முதல் நூறு பக்கம் அலுக்கும். கப்பல் பெயர், துணி விலை, வராகன் கணக்கு. தேதிகளும் அக்ஷய, பிரபவ, விபவ என்று வருஷப் பெயரில்தான் ஓடும். பக்கத்தில் ஒரு தாளில் ஆங்கில வருஷத்தை எழுதி வைத்துக்கொண்டால் போதும். துணி விலையைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். நெசவாளிக்கு என்ன கொடுத்தார்கள் என்பது அங்கேதான் இருக்கிறது.