உறையோடு வரும் யாஷிகா

யாஷிகா மேட் 124 ஜி என்ற இரட்டை லென்ஸ் கேமராவைத் தோல் உறையோடு யாராவது விற்க வந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். "ஒரிஜினல் கேஸ் சார், ஒரு கீறல் இல்ல" என்பார்கள். கீறல் இல்லாததுதான் கவலை. கடல் காற்று வீட்டுக்குள்ளேயே வந்து போகும் மயிலாப்பூரிலும் அடையாறிலும், பீரோவுக்குள் உறையோடு இருபது வருஷம் கிடந்த கேமராவில் ஃபங்கஸ் பிடிக்காமல் இருந்தால் அதிசயம். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உள்ளே காற்றும் வெளிச்சமும் கிடையாது. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? மூலைகளில் பெயின்ட் உதிர்ந்து, ஸ்ட்ராப் மாட்டும் இடம் தேய்ந்து, நூறு கல்யாணம் பார்த்த பாடிதான் எனக்கு வேண்டும்.

என்னிடம் இருப்பது அப்படிப்பட்டதுதான். தி.நகரில் கடையைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஸ்டூடியோவில் வாங்கினேன். ஸ்டூடியோக்காரப் பெரியவர் பொறுமைசாலி. பின்கதவைத் திறந்து, அபர்ச்சரை முழுசாக விட்டு, ஷட்டரை 'பி'யில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, போன் டார்ச்சைச் சாய்வாக அடித்தேன். நேராக அடித்தால் எல்லா லென்ஸும் சுத்தமாகத்தான் தெரியும்; சாய்த்தால்தான் குட்டு வெளிப்படும். மேல் லென்ஸின் ஓரத்தில் சிலந்தி இழை போல ஃபங்கஸ். கீழே, படம் எடுக்கும் 80 எம்எம் யாஷினான், கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவு. மேல் லென்ஸ் நம் கண்ணுக்கு மட்டும்தான். அதன் வழியாக ஒரு துளி வெளிச்சம்கூட பிலிமுக்குப் போவதில்லை. பெரியவருக்கும் அது தெரியும். ஆனாலும் விலையைக் குறைத்தார்.

அடுத்தது காது. ஷட்டரை ஒரு செகண்டில் வைத்து, கேமராவைக் காதோடு சேர்த்து விட்டுப் பார்த்தேன். கோபால் ஷட்டர் நன்றாக இருந்தால் அந்தச் 'சர்ர்ர்' ஒரே சீராக ஓடி 'டக்'கென்று முடியும். கிரீஸ் இறுகியிருந்தால் நடுவில் இழுக்கும். "சென்னை வெயிலுக்கு 125-க்குக் கீழே யார் போகப் போகிறார்கள்?" என்று சமாதானம் சொல்கிற விற்பனையாளர்கள் உண்டு. ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்று ஒரு செகண்ட் இழுத்தால், நாளை முப்பதும் அறுபதும் இழுக்கும்.

மீட்டர் வேலை செய்கிறதா என்று என்னிடம் பலரும் கேட்கிறார்கள். அது கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. மீட்டர் கேட்கும் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. தெப்பக்குளப் படிக்கட்டில் காலை பத்து மணி வெயிலை அளக்க முள் எதற்கு?

ரோலிஃப்ளெக்ஸ்காரர்கள் இதை ஏழையின் ரோலி என்பார்கள். ரோலியின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் டெஸ்ஸார் போட்ட ரோலியிலும் நாலு கண்ணாடிதான், இதிலும் அதே அமைப்பில் நாலுதான். எஃப் எட்டுக்கு மூடி எடுத்த இரண்டு பிரிண்ட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நிக்கான் எஃப்எம்2 கட்சிக்கு என் பதில் அறுபத்துமூவர் திருவிழா. பங்குனியில் கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றி அந்தக் கூட்டத்தில் கண்ணருகே கேமராவைத் தூக்கினால் தெரிவது முன்னால் நிற்பவரின் பிடரிதான். யாஷிகாவைத் தலைகீழாகப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கி, அண்ணாந்து ஸ்கிரீனைப் பார்த்தால், வரிசையாக வரும் நாயன்மார் பல்லக்குகள் அத்தனையும் சதுரத்துக்குள். ரோலுக்குப் பன்னிரண்டே படம். எதை விடுவது என்று அப்போதே முடிவு செய்தாக வேண்டும்.

1985-ல் எரிவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் பழைய கேமரா பார்க்க அப்பாவோடு போயிருக்கிறேன். பேரம் கடுமையாக இருக்கும், ஆனால் சாமானைக் கையில் கொடுத்துத் திறந்து பார்க்கவிடுவார்கள். இப்போது பின்கதவைத் திறக்கவிடாத விற்பனையாளர்கள்தான் அதிகம். பளபளப்பாகத் துடைத்து, மேஜை விளக்கில் படம் எடுத்துப் போட்டு, "மின்ட்" என்று ஒரே வார்த்தை. ஒரு முறை நானும் அதை நம்பி முழுப் பணம் அனுப்பினேன். வந்ததில் கீழ் லென்ஸே பால் மாதிரி மங்கலாக இருந்தது. லென்ஸை வேட்டி நுனியால் துடைத்த பழைய ஆட்களைத் திட்டியிருக்கிறேன். அவர்கள் குறையை மறைக்கவாவது மாட்டார்கள்.

ஊட்டியிலிருந்து வந்த 'இந்து' பிலிம் ரோல் இன்று இல்லை. யாஷிகாவை எடுத்துக்கொண்ட கியோசெரா 2005-ல் கேமரா தொழிலையே விட்டது. 124 ஜி தயாரிப்பு அதற்கும் வெகு முன்பே, 1986-ல் முடிந்துவிட்டது. புதிதாக ஒன்றுகூட இனி வரப்போவதில்லை. இருப்பதெல்லாம் நம் வீட்டுப் பீரோக்களில் இருப்பவைதான்.

உங்கள் அப்பாவோ தாத்தாவோ வாங்கிய யாஷிகா வீட்டில் இருந்தால், விற்கிறீர்களோ இல்லையோ, இன்றைக்கே அதை உறையிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள்.