துருத்தி மூச்சும் தர்க்கப் பாட்டும்

மலேசியாவின் புக்கிட் ரோத்தான் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வண்டி ஓடும்போது, இசை நாடகம் பற்றிய ஒலிப்பதிவு உரைகளைக் கேட்பது தனிச் சுகம். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமண’த்தை விளக்குபவர் சட்டென்று பேச்சை நிறுத்தி ஆர்மோனியத்தைத் தொடுவார். துருத்தியின் மெல்லிய மூச்சு முதலில் கேட்கும்; அப்புறம்தான் சுரம். தர்க்கத்தில் வள்ளி பாட்டாலேயே மடக்க, நாரதர் அதே சுருதியில் பதில் எடுக்கும் இடத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்திக்கும் நடிகர்கள் இப்படி இழைய எவ்வளவு பயிற்சி வேண்டும்!

பிறகு நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டு. ஊசியின் கரகரப்பை மீறி மேலேறும் குரல். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை அது எட்டிய விதம், விளக்கத்துக்குப் பின் காதுக்கே புரிகிறது. பொறுமையாகச் சொல்லித்தர ஒருவர் இருந்தால், கேள்வி ஞானமும் நல்ல பள்ளிக்கூடம்தான்.