படர்க்கைச் சுட்டும் பழங்குடிச் சிறாரும்

பழங்குடி மக்களைச் சிறாருக்கு அறிமுகப்படுத்தும் தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைகின்றன. காடு, தேன், வில், ஆடல் எனச் செய்திகள் அடுக்கப்பெறுகின்றன. எழுவாய் எங்கும் ‘அவர்கள்’ என்பதே. செய்திகள் பிழையல்ல. பிழை இப்படர்க்கைச் சுட்டில் உள்ளது.

முன்னிலையாரை உளப்படுத்தி ‘நாம்’ என்றும் விலக்கி ‘நாங்கள்’ என்றும் வழங்கும் நுட்பமுடையது தமிழ். அம்மொழியில் எழுதுவோர், வாசிக்கும் குழந்தை யார் என வினவுவதில்லை. இடுக்கி எல்லையில் மறையூர், மூணாறு பகுதிகளின் தமிழ்வழி வகுப்பில் முதுவர் குழந்தை ஒன்று அமர்ந்திருப்பின், அப்பாடம் அதனைத் தனக்கே அயலாக்கிக் காட்டும். இலங்கையின் கிழக்குக் கரையில் தமிழ் பேசும் கரையோர வேடர் குழந்தைக்கும் இதுவே நேரும். வேடர் என்றதும் தம்பானைக் காட்டு வில்லாளியை வரையும் ஓவியம், வாகரைப் பகுதியில் மீன்பிடித்து வாழும் வேடரை மறைத்துவிடுகிறது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது வேடர் வேட்டைக்காட்டை இழந்தமை சிறாருக்குச் சொல்லத்தகாத செய்தியன்று.

மாற்றுவழி தொலைவில் இல்லை. கட்டப்பனைக்கு அருகில் கோவில்மலையைத் தலைமையிடமாகக் கொண்ட மன்னான் மக்கள் இன்றும் தமக்கென அரசரை உடையவர்கள். அவர்தம் கூத்து கோவலன், கண்ணகி கதையைப் பாடுவது. சிலப்பதிகாரத்தில் வேங்கை நிழலில் நின்ற கண்ணகியைக் கண்டவர் குன்றக் குறவர். செங்குட்டுவன் அச்செய்தியை அறிந்ததும் அவர் வாய்மொழியாலேயே. மலைவாழ் மக்கள் இங்குக் காட்சிப்பொருள் அல்லர், கதையை உரைப்போர். சித்திரை முழுநிலவில் மங்கலதேவி மலையேறும் தமிழ்ச் சிறாருக்கு இக்கூத்தையன்றி வேறெதனை முதற்பாடமாக வைப்பது? எனினும் மன்னான் கூத்தைக் கண்டவுடன் ‘சங்கக் குறிஞ்சியின் எச்சம்’ என எழுத முற்படும் பழக்கம் நம் துறையினரிடம் உண்டு. (இக்கட்டுரையாளரும் அதற்கு விலக்கல்லர்.) எச்சம் என்ற சொல், கண்முன் வாழ்வோரை இறந்த காலத்திற்கு அனுப்பிவிடுகிறது.

பாலக்காட்டு எல்லையின் அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் வாழ்கின்றனர். தமிழுக்கு மிக நெருங்கியதாயினும் தனித்த திராவிட மொழியாக அறிஞர் கொள்ளும் இருளர் மொழியைக் ‘கொச்சைத் தமிழ்’ எனச் சுட்டும் வழக்கும் நம்மிடம் உண்டு. அட்டப்பாடி இருளர் பெண்மணி நஞ்சியம்மா, ‘அய்யப்பனும் கோஷியும்’ திரைப்படத்தில் தம் மொழியில் பாடியதற்காக 2020ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெற்றார். விருது 2022இல் அறிவிக்கப்பட்டது. அறிமுகத்தைப் படத்திலிருந்து தொடங்காமல் அப்பாடலிலிருந்து தொடங்கலாம். கேட்கும் தமிழ்ச் சிறுவனுக்குச் சில சொற்கள் தாமே விளங்கும். விளங்காதவற்றுக்கு அருகிலிருக்கும் இருளர் சிறுமியிடம் அவன் பொருள் கேட்க நேரும்.