அடிக்குறிப்பை இழந்த எண்கள்

பொரளையிலுள்ள லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் கடும் நோயுற்ற குழந்தைகள் கொண்டுவரப்படுகின்றனர். முல்லைத்தீவிலிருந்தோ மொனராகலையிலிருந்தோ வந்த குழந்தையொன்று அங்கு இறப்பின், அம்மரணம் நிகழ்ந்த இடத்திலேயே பதியப்படும். அப்பதிவைக் கொண்டு மாவட்ட அட்டவணை அமைக்கப்படுகையில், அவ்விறப்புக் கொழும்பின் கணக்கிற் சேர்கிறது; பெரிய வைத்தியசாலையற்ற மாவட்டமோ அந்த அளவுக்கு நலமுற்றதாகத் தோன்றுகிறது. பதிவிற் பிழையில்லை. தலைப்பிலுள்ள ‘நிகழ்ந்த இடம்’ என்னும் இரு சொற்களைக் கவனியாது, எண்ணை வதிவிடத்துக்குரியதாகக் கொள்ளும் வாசிப்பிலேயே பிழை பிறக்கின்றது.

அச்சு நூலிலிருந்து கணினிக்குத் தரவுகள் பெயரும்போது முதலில் உதிர்வன இத்தகைய சொற்களே. நிரலில் எண்ணுக்கு இடமுண்டு. பக்கத்தின் அடியில் நின்ற குறிப்புக்கு இடமில்லை. புள்ளிவிபரத் தரவுத்தள முகாமைத்துவம் குறித்து 1981இல் கலிபோர்னியாவில் முதற் பட்டறை கூடியமைக்கு, வங்கிக் கணக்குக்கென அமைந்த முறைகள் இத்தகைய தரவுகளுக்குப் போதாமையும் ஒரு காரணம் எனலாம். வங்கிப் பேரேட்டில் வெற்றிடம் அரிது. குடிசனத் தொகைமதிப்பிலோ வெற்றிடமே சில வேளைகளில் வரலாறாகின்றது.

இலங்கையில் 1981இன் பின்னர் இருபது ஆண்டுகள் தொகைமதிப்பு நடைபெறவில்லை. 2001இலும் 25 மாவட்டங்களுள் 18இல் மட்டுமே அது நிறைவுற்றது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகியவற்றில் நடைபெறவேயில்லை. மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகியவற்றிற் பகுதியளவிலேயே நடைபெற்றது. இதனைத் திணைக்களம் மறைக்கவில்லை, தெளிவாகவே குறித்துள்ளது. ஆயினும் அக்குறிப்பை நீக்கி மூன்று ஆண்டுகளையும் ஒரே நிரையில் வைத்து நோக்கின், இலங்கைத் தமிழர் தொகை 1981இல் 1,886,872, 2001இல் 732,149, 2012இல் 2,269,266. விழுக்காட்டில் 12.7, 4.3, 11.1. சிங்களவர் விழுக்காடோ 74இலிருந்து 82க்கு ஏறி 74.9க்கு இறங்குகிறது. நாட்டை அறியாத ஆய்வாளர் எவரும் இதிலிருந்து ஒரு பெருங்கதையைப் புனைந்துவிடலாம்.

அப்பள்ளம் பொய்யானது. ஆனால் அக்காலத்து உயிரிழப்பும், இடப்பெயர்வும், கடல்கடந்த புலப்பெயர்வும் மெய்யானவை. அவற்றை அளக்க முனைவோருக்கு 2001இன் நிரல் சான்றாகாது. அவற்றை மறுப்போருக்கும் ஆகாது. போரின் நடுவே நின்று பார்க்கவேண்டிய ஆண்டே கண்ணுக்குப் புலனாகாதிருக்கின்றது. (இந்தியத் தமிழர் தனிப்பிரிவாகக் காட்டப்பட்டது 1911இலேயே என்பதை மறந்து, அதற்கு முந்திய ‘தமிழர்’ எண்ணிக்கையைப் பிந்திய ‘இலங்கைத் தமிழர்’ எண்ணிக்கையோடு ஒப்பிடுவோரும் உளர்.)

வெற்றிடத்தை உத்தேச மதிப்பீட்டால் நிரப்பினாற் குறை தீரும் என்பர் சிலர். முழுநாட்டுத் தொகையைத் திட்டமிடலுக்காக மதிப்பிடுதல் தவிர்க்கவியலாததே. ஆனால் எண்ணிப் பெற்றதும் ஊகித்துப் பெற்றதும் வேறுபாடின்றி ஒரே நிரலில் அமருமாயின், வெற்றிடம் எழுப்பிய கேள்வியும் அடங்கிவிடும். பூச்சியமாக இடுவதோ அதனினும் பாரதூரமானது: எவரும் இல்லை என்பது வேறு, எவரும் எண்ணப்படவில்லை என்பது வேறு. 2001இன் யாழ்ப்பாணக் கூட்டில் ‘எண்ணப்படவில்லை’ என்னும் சொல்லே பதியப்படுதல் வேண்டும்; அந்நிரலைக் கூட்ட முனையும் எந்நிரலும் அச்சொல்லைக் கண்டு நின்று, பயில்வோரிடம் விடை கேட்டே மேற்செல்லுமாறு அமைதல் வேண்டும்.